கேட்டால் சொல்ல வேண்டிய வயது

அம்பத்தி நாலு. அம்பத்தி நாலு. யார் கேட்டாலும் அம்பத்தி நாலு. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாலும், அந்த வெள்ளைக் கவச உடைக்குள்ளிருந்து கேட்டாலும், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டாலும், பெயர் சோலையப்பன், வயசு அம்பத்தி நாலு, இந்தாங்க ஆதார். அப்பாவுக்கு நிஜத்தில் அறுபத்தெட்டு. இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். இந்த நூத்தியெட்டு வண்டிக்குள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற ஆம்புலன்ஸ்காரர் மரியலூயிஸ் அண்ணனுக்குத் தெரியாது. அவருக்கு இரண்டே விஷயம்தான், அப்பாவின் விரலில் மாட்டியிருக்கிற கிளிப்பில் தெரிகிற ஆக்சிஜன் எண்ணும், சிலிண்டர் மேலே இருக்கிற முள்ளும். எண் எண்பத்திரண்டு. முள் பாதிக்குக் கீழே. மணி பதினொன்று பத்து. எங்களுக்கு முன்னால் ஆறு வண்டி. பின்னால் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு வண்டியும் எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் ஏசி நின்றுபோகும், இந்த அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்றால் தகரத்துக்குள் கிடக்கிறவர்கள் வெந்துபோவார்கள். ஆகவே பதினைந்து இருபது வண்டி ஒரே இடத்தில் நின்றுகொண்டு உறுமுகிறது. எங்கேயும் போகாமல் இவ்வளவு சத்தம். "எப்பண்ணே கூப்புடுவாங்க?" என்று கேட்டேன். "பெட்டு காலியானா கூப்புடுவாங்க பாப்பா." "எப்படிக் காலியாகும்?" அவர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும் அங்கிட்டு ஓரத்து கேட் பக்கம் திருப்பினார். அங்கே அமரர் ஊர்தி ஒன்று பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது. ஓ. அப்படித்தான் காலியாகும். இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். என் வாய் அப்படி. எதையும் கேட்டுவிட்டுத்தான் யோசிக்கும். இப்போது என் கண் அந்த கேட்டை விட்டு வர மாட்டேன் என்கிறது. யாரோ ஒருத்தர் வெள்ளைத் துணியில் வெளியே வர வேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா? ஆமாம், பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது. இந்த வரிசையில் நிற்கிற எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள், பார்க்காத மாதிரி போனைத் தடவுகிறார்கள், அவ்வளவுதான்.

அம்பத்தி நாலு. காலையில் வந்ததும் முதல் வண்டியிலிருந்து ஒரு ஆள் இறங்கி உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து, யாரிடம் என்றில்லாமல் எல்லோரிடமும் சொன்னார். "எங்கம்மாவுக்கு எழுவத்தாறு. மொதக் கேள்வியே வயசுதாங்க. கேட்டுட்டு எழுதிக்கிட்டு அப்படியே போயிட்டாங்க." அதற்குப் பிறகு பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு பையனை, முப்பது முப்பத்திரண்டு இருக்கும், ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு எங்கள் எல்லோரையும் தாண்டி ஓடினார்கள். அவன் வாயில் நுரை மாதிரி இருந்தது, அதனால்கூட எடுத்திருக்கலாம். வயசு குறைவு என்பதனாலும் எடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு வாரமாக எல்லோரும் சொல்கிறார்கள், கிழடுகளை இப்போ உள்ளேயே எடுக்க மாட்டாங்களாம், சின்ன வயசுக்காரங்களுக்குத்தானாம் ஆக்சிஜன், போனில் வந்ததாம். யார் அனுப்பினது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தைத்தான் ஜனங்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் நானும் நம்புகிறேன். நம்பாமல் இருக்கத் தைரியம் வேண்டும், அது எண்பத்திரண்டு என்று காட்டுகிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வராது. எண்பத்தொன்று. திரும்ப எண்பத்திரண்டு. அது ஏன் இப்படி மாறி மாறிக் காட்டுகிறது, ஒரே எண்ணில் நிற்கத் தெரியாதா. "அண்ணே, கொறஞ்சிருச்சு." "வெரல ஆட்டுனா அப்படித்தான் காட்டும். நீ அதயே பாக்காத." வேறு எதைப் பார்க்க, இந்த வண்டிக்குள் பார்க்க வேறு என்ன இருக்கிறது.

அப்பாவின் வயசைக் குறைத்தது ஒரு பெரிய சதியெல்லாம் இல்லை. அரை நிமிஷ வேலை. எனக்கு அப்போது எட்டு வயசு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலில் நடந்த ஆதார் கேம்ப்பில் நின்றேன். அதற்கு முந்தின வாரம்தான் அப்பா வாட்ச்மேன் வேலை கேட்டுப் போன செக்யூரிட்டி ஏஜென்சியின் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார், "நாப்பத்தஞ்சுக்கு மேல எடுக்குறதில்ல பெரியவரே. ஆதார் கொண்டாங்க, அதுல என்ன இருக்கோ அதுதான் எங்களுக்கு வயசு." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகச் சொன்னாராம், அப்பாவுக்குப் புரிகிற மாதிரி. கேம்ப்பில் லேப்டாப் வைத்திருந்த பையன் கேட்டான், "பொறந்த வருஷம்?" "அறுவத்தேழு." "சர்டிபிகேட் இருக்கா?" "இல்லப்பா." "தேதி?" "தெரியாதே." அவன் ஜனவரி ஒண்ணு என்று போட்டான். முடிந்தது. அம்பத்தி மூணில் பிறந்த மனுஷன் அறுவத்தேழில் பிறந்தவர் ஆகிவிட்டார், பதினாலு வருஷம் காணாமல் போனது, கண்ணைக் காட்டு, விரலை வை, அடுத்தாள் வாங்க. அந்த ஏஜென்சியில் வேலை பார்க்கிற பதினோரு வாட்ச்மேனும் ஜனவரி ஒண்ணாந்தேதி பிறந்தவர்கள். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புது வருஷத்தன்னைக்கு அப்பார்ட்மெண்டில் யாரோ கேக் வெட்டினால், "எனக்கும் சேத்து வெட்டுங்க சார்" என்பாராம். வேலை கிடைத்தது. அதற்கப்புறம் அந்த வயசைக் காப்பாற்றுகிறது இன்னொரு வேலை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தலைக்குச் சாயம். தலையணை உறையெல்லாம் கறுப்பு. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்பார், வண்டி நம்பர் தெரியாமல் எல்லா வண்டிக்கும் சல்யூட் அடிப்பார். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் யாரோ போன் பண்ணுகிற மாதிரி நின்று காதில் வைத்துக்கொள்வார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால் ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனேன், மூணாவது மாடித் திருப்பத்தில் நின்று "ஆங், சொல்லு, சொல்லு" என்று பேசிக்கொண்டிருந்தார், போன் என் கையில் இருந்தது. அவர் காதில் வைத்திருந்தது வெறும் டார்ச் லைட். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அது ஏன் ஞாபகம் வருகிறது. மூச்சு. மூச்சு என்பதனால் வருகிறது. அவர் நெஞ்சு இப்போது அந்த மூணாவது மாடித் திருப்பத்திலேயே நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது.

ஸ்கூலில் எனக்குப் பேரே தாத்தா பொண்ணு. பி.டி.ஏ. மீட்டிங்குக்கு அவர் வந்தால் எவளாவது ஒருத்தி ஓடிவந்து, "ஏய் கௌசி, ஒங்க தாத்தா வந்திருக்காரு" என்பாள். தாத்தா இல்லடி, அப்பா. நான் பிறக்கும்போது அவருக்கு ஐம்பத்தொன்று. இரண்டாம் கல்யாணம். இதில் எனக்கென்ன வெட்கம் என்று வெளியே சொல்வேன், உள்ளே வெட்கம்தான். ஸ்கூலும் அப்புறம் நின்றுபோனது. பத்தாவது எங்கள் செட் முழுக்க ஆல் பாஸ், கொரோனா புண்ணியத்தில் கணக்கில் நானும் பாஸ். பிளஸ் ஒன் சேர்ந்தேன், ஆன்லைன் கிளாஸ் என்றார்கள், வீட்டில் இருந்தது ஒரு போன், அதை அப்பா டூட்டிக்குக் கொண்டுபோனால்தான் சூப்பர்வைசர் ராத்திரி வீடியோ காலில் தூங்குறாரா முழிச்சிருக்காரா என்று பார்ப்பார். கிளாஸ் டீச்சர் கூப்பிட்டுக் கேட்டபோது, "போன் இல்ல மிஸ், இருந்தாலும் ஒண்ணும் புரியப்போறதில்ல" என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். ஜெராக்ஸ் கடை என்று பேர், பாதி வேலை பிரவுசிங், எல்லா விண்ணப்பமும் நான்தான் அடிப்பேன். இதுதான், இதுதான் எனக்கு அடங்க மாட்டேன் என்கிறது. மார்ச் மாசம் அறுபது வயசுக்கு மேலே இருக்கிறவர்களுக்கு ஊசி என்றார்கள். எங்கள் தெருக் கிழங்கள் அத்தனையும் ஆதாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தன. நான்தான் பதிந்தேன். பேர், பிறந்த வருஷம், எந்த சென்டர், என்ன தேதி. அம்பத்தி ரெண்டு, நாப்பத்தெட்டு, அம்பத்தஞ்சு, ஒவ்வொன்றாக டைப் பண்ணப் பண்ண அந்த இணையதளம் உடனே இடம் கொடுத்தது. சாயங்காலம் கடை அடைக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை, சும்மா, அப்பா நம்பரையும் போட்டுப் பார்த்தேன். அறுவத்தேழு. தகுதி இல்லை என்று சிவப்பில் வந்தது. எங்கள் தெருவிலேயே மூத்த ஆம்பளைகளில் ஒருத்தர், என் கையால் முப்பது பேருக்கு இடம் பதிந்தேன், அவருக்கு முடியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "ஏஜென்சிக்குத் தெரிஞ்சா வேல போயிரும் பாப்பா, பேசாம இரு" என்றார். ஏப்ரலில் நாற்பத்தைந்துக்கு மேலே எல்லோருக்கும் என்று திறந்தார்கள். இரண்டு தடவை வரிசையில் நின்றார், ஸ்டாக் இல்லை. மூணாவது தடவை போக வேண்டிய நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. மார்ச்சில் அந்தத் தெருக் கிழங்களோடு கிழமாகப் போய் நின்றிருந்தால், இல்லை, இதை நிறுத்த வேண்டும். இதையே நாலு நாளாகச் சுற்றிச் சுற்றி நினைக்கிறேன். பல் இடுக்கில் மாட்டின நாரைத் தேடுகிற நாக்கு மாதிரி, விட்டாலும் திரும்ப அங்கேயே போகிறது. எண்பத்தொன்று. முள் இன்னும் கீழே இறங்கிவிட்டது. "அண்ணே, முள்ளு." "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஸ்பேர் ஒண்ணு இருக்கு. அதுவும் தீந்தா வேற வண்டியில கேக்கணும்." வேறு வண்டியில் இருக்கிறவனுக்கு அவன் சிலிண்டர் வேண்டாமா.

பன்னிரண்டு ஆனபோது மரியலூயிஸ் அண்ணன் பின்கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு சிலிண்டர் மாற்றினார். எங்கள் வண்டியை ஒட்டினாற்போல இன்னொரு வண்டி, இரண்டு கதவும் திறந்திருந்தால் கையை நீட்டித் தொட்டுக்கொள்ளலாம். அதில் படுத்திருந்தவர் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். எனக்கு எப்படித் தெரியும் என்றால் அவர்தான் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு இழுக்கிறது, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிற்கிறார், ஆனாலும் பேச்சை விட மாட்டேன் என்கிறார். "இருவத்தெட்டு வருஷம், டவுன் பஸ்ஸுல... எத்தன பேர நான்... உள்ள போ உள்ள போன்னு தள்ளியிருப்பேன். இங்க ஒருத்தன்... என்னய உள்ள தள்ள மாட்டேங்கறான் பாரு அன்னம்." அந்த அன்னம் என்கிற பெரியம்மா அவர் வாயில் இருந்த மாஸ்க்கை இழுத்து ஒழுங்காக வைத்தாள். "பேசாதீங்கன்னு சொல்றேன்ல. பேசுனா காத்து போயிரும்." "காத்து போறதுக்குத்தான... வந்திருக்கோம்." "வாயக் கழுவுங்க." அவள் என்னைப் பார்த்தாள். என் உதடு வெடித்திருந்ததைப் பார்த்திருப்பாள், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால். "இந்தா தாயி, மூடி தொறக்காத புது பாட்டிலு. குடி." வாங்கிக் குடித்தேன். "தனியாவா வந்த? அம்மா எங்க?" "அம்மாவுக்கும் பாசிட்டிவ். வீட்டுல படுத்திருக்கு." "ஆம்பளப் பிள்ளைக யாருமில்லையா?" "நான் இருக்கேன்ல." அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தெரிந்தது. "இருக்கத்தான் இருக்க. அது தாத்தாவா?" "அப்பா." இந்தக் கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன், பத்து வருஷப் பழக்கம். "அப்பாவா, நெறைய வயசோ?" "அறுவத்தெட்டு." சொல்லிவிட்டேன். பட்டென்று. தண்ணீர் கொடுத்த கைக்கு நன்றி மாதிரி நிஜம் வாயிலிருந்து விழுந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கு அறுவத்தி நாலு," என்றாள் அவள், ரொம்ப சாதாரணமாக, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் ஊர்ப் பேர் சொல்கிற மாதிரி.

அறுவத்தி நாலு. அவர் எங்கப்பாவை விடச் சின்னவர். கார்டில் எங்கப்பா அவரை விடப் பத்து வயசு சின்னவர். நான் என்ன பண்ணி வைத்திருக்கிறேன். டாக்டர் வந்து கேட்கும்போது நான் அம்பத்தி நாலு என்று சொன்னால் இவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். கைக்கெட்டுகிற தூரம். இவள் வாயைத் திறந்தால் போதும், "அய்யய்யோ, இப்பத்தான் அறுவத்தெட்டுன்னு சொன்னுச்சு." ஏன் சொல்ல மாட்டாள், நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்வேன். கட்டாயம் சொல்வேன். எனக்கு என்னைத் தெரியும். கதவைச் சாத்தச் சொல்லலாமா, சாத்தினால் சந்தேகம் வருமா. ஒரு பாட்டில் தண்ணீருக்காக. வேறு ஏதாவது பேசி அவளை மறக்கவைக்கலாமா, எப்படி ஒருத்தரை ஒரு எண்ணை மறக்கவைக்கிறது. நான் அப்பாவின் தலையைப் பார்த்தேன். சாயம் போட்டு மூணு வாரம் ஆகிவிட்டது. நுனியெல்லாம் கறுப்பு, அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை, வகிடு முழுக்க. யார் பார்த்தாலும் சொல்வார்கள். என் துப்பட்டாவை எடுத்து அவர் தலையைச் சுற்றிக் கட்டினேன், நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டேன். மரியலூயிஸ் அண்ணன் பார்த்தார். "எதுக்கு பாப்பா, புழுங்கும்." "ஏசி காத்து காதுல போகுதுண்ணே." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. ஒண்ணு வந்தால் பின்னாலேயே வரிசையில் நிற்கிறது. அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன், "அப்பா. டாக்டர் வயசு கேட்டா அம்பத்தி நாலுன்னு சொல்லு. கேக்குதா? அம்பத்தி நாலு." அவர் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணில் எரிச்சல் இருந்தது. சின்ன வயசில் நான் அவருக்கே அவர் வேலையைச் சொல்லிக் கொடுத்தால் வருகிற எரிச்சல். ஒன்பது வருஷமா நான் சொல்லிக்கிட்டிருக்கிறத நீ எனக்குச் சொல்றியா என்கிற மாதிரி. தலையை லேசாக ஆட்டினார். மாஸ்க்குக்குள் ஆவி படிந்தது, போனது, படிந்தது. அந்த ஆவி படிகிற ஒவ்வொரு தடவையும் நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன், எதுக்கு எண்ணுகிறேன், நான் எண்ணுகிறேன் என்பதற்காக அது நிற்காமல் இருக்குமா. அந்தப் பக்கம் கேட்டில் ஏதோ அசைந்தது. வெள்ளை. நீளமாக. இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால். அழுகைச் சத்தம் இல்லை, கூட யாருமே இல்லை போல. எனக்குள் ஒன்று குபீரென்று எழும்பியது. அது பயம் இல்லை. துக்கமும் இல்லை. அது சந்தோஷம். சீ. ஆனால் அதுதான். பக்கத்து வண்டியில் பெரியம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் கேட்டிலிருந்து திரும்பி ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இரண்டு பேரும் உடனே குனிந்துகொண்டோம்.

முன்னால் இருந்த ஆறு வண்டியும் போய்விட்டது, எழுபத்தாறு வயசு அம்மா இருந்த வண்டியும். உள்ளே எடுத்தார்களா, வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களா, எனக்குத் தெரியவில்லை, நான் அந்த நேரம் எண்பத்திரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு டாக்டர் வந்தாள். கவச உடைக்குள் ஆணா பெண்ணா தெரியாது, நெஞ்சில் ஸ்கெட்ச் பேனாவால் டாக்டர் நிலோஃபர் என்று எழுதியிருந்தது. கூட ஒரு நர்ஸ், ஒரு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஆள். கண்ணாடிக்குள்ளே வியர்வை தேங்கி நின்றது, அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்த்தாள். முதலில் பக்கத்து வண்டியின் மெஷினைப் பார்த்தாள், அப்புறம் எங்கள் மெஷினை. "ரெண்டும் எம்பத்திரெண்டு," என்றாள் நர்ஸிடம். "ஒரு பெட்டுதான் இருக்கு. அடுத்தது எப்பன்னு தெரியல." ஒரு பெட். என் கையில் ஆதார் நனைந்துபோயிருந்தது. அவள் கண்டக்டரிடம் குனிந்தாள். "ஐயா, பேரு என்ன?" "குருசாமி. அப்பா பேரு வேணுமா?" "வயசு?" "அறுவத்தி நாலு." நான் அவள் கையைப் பார்த்தேன், பேனாவைப் பார்த்தேன், அறுவத்தி நாலு என்றதும் முகம் மாறுகிறதா என்று அந்த வியர்வைக் கண்ணாடிக்குள் தேடினேன். ஒன்றும் மாறவில்லை. எழுதக்கூட இல்லை. "இன்னைக்கு என்ன கெழம?" "செவ்வாக்கெழம. எந்த ஸ்டாப்புன்னும்... கேளுங்க டாக்டரம்மா... அதையும் சொல்றேன்." அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். "நெனவு நல்லாத் தெளிவா இருக்கு. ஐயா கொஞ்சம் பொறுக்கலாம்மா," என்று பெரியம்மாவிடம் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வயசைக் கேட்டது வயசுக்காக இல்லை. மூளைக்குக் காற்று போகிறதா என்று பார்க்கக் கேட்கிறாள். கிழமையைக் கேட்ட மாதிரி, பேரைக் கேட்ட மாதிரி. அவளுக்கு வயசு ஒரு பொருட்டே இல்லை. காலையிலிருந்து நான் மனசுக்குள் அடித்துப் பழுக்கவைத்த அம்பத்தி நாலுக்கு இங்கே வேலையே இல்லை. அதற்குள் என் கை கார்டை நீட்டிவிட்டது, என் வாய், "சோலையப்பன், அம்பத்தி நாலு" என்று சொல்லிவிட்டது. அவள் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் குனிந்தாள். "ஐயா, பேரு சொல்லுங்க." "சோலையப்பன்." "வயசு?" அப்பா அவளைப் பார்த்தார். நெஞ்சு இரண்டு தடவை ஏறி இறங்கியது. "அறுவத்தெட்டு." "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா. எத்தன வயசு?" "அறுவத்தெட்டும்மா. அம்பத்தி மூணுல... பொறந்தேன்."

டாக்டர் கார்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், நிமிர்ந்து நர்ஸிடம் வேகமாகச் சொன்னாள், "பதினாலு வருஷம் மாத்திச் சொல்றாரு. கன்ஃப்யூஷன் ஆரம்பிச்சிருச்சு. இவர மொதல்ல எடுங்க." ஸ்ட்ரெச்சர் ஆள் உடனே கதவை விரியத் திறந்தார். எனக்குத் தெரியும், அப்பாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. பி.பி. மாத்திரை வாங்க எந்த டாக்டரிடம் போனாலும் அவர் இப்படித்தான், வெளியே டோக்கன் கொடுக்கிறவரிடம் ஒரு வயசு, உள்ளே போய்க் கதவு சாத்தினதும் குரலைத் தாழ்த்தி நிஜ வயசு. ஏம்ப்பா என்று கேட்டால், "மருந்து வயசப் பாத்துத்தான் குடுப்பாங்க பாப்பா, டாக்டர்கிட்ட மறைச்சா ஒடம்பு நம்மளத்தான் ஏமாத்தும்" என்பார். நான் காதில் ஓதின எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், தலையை ஆட்டினார், டாக்டர் முகத்தைப் பார்த்ததும் அவர் வழக்கத்துக்குப் போய்விட்டார். அவ்வளவு தெளிவாக இருக்கிறார். அந்தக் கண்டக்டர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவு. இரண்டு பேருக்கும் எண்பத்திரண்டு. இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர், அவர் சொல்றதுதான் சரி, கார்டுதான் தப்பு. வாயைத் திறந்தால் இதுதான் வரும், வந்துவிடும், என் வாயை எனக்குத் தெரியும். பெரியம்மா இரண்டு கையாலும் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் எல்லாவற்றையும் கேட்டாள், அப்பா சொன்ன அறுவத்தெட்டையும் நான் சொன்ன அம்பத்தி நாலையும், அதற்கு முன்னால் நானே அவளிடம் சொன்ன அறுவத்தெட்டையும். அவள் மூச்சு விடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. நான் அவளைப் பார்க்கவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, சீக்கிரம் சொல்லு, இப்படி மாத்திப் பேசறது எப்பருந்து?" ஒன்பது வருஷமா. அதுதான் நிஜம். ஒன்பது வருஷமாக மாத்திப் பேசினார், இன்றைக்குத்தான் சரியாகச் சொன்னார். "காலைலருந்து," என்றேன்.

அப்பாவை இறக்கினார்கள். சக்கரம் சிமெண்ட் தரையில் கடகடவென்று ஓடியது, நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன், முன்னால் கதவு திறந்திருந்தது, உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் தெரிந்தது. முதுகில் ஒரு சத்தம் விழப்போகிறது என்று ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தேன். ஏய், நில்லு. டாக்டரம்மா, அந்தப் பிள்ளை பொய் சொல்லுது. இதோ இப்போது. இதோ. பின்னால் கண்டக்டர் குரல் கேட்டது, இழுத்து இழுத்து, "என்ன அன்னம்... நம்மளக் கூப்புட்டாங்களா?" சக்கரம் வாசல் சரிவில் ஏறியது. பிறகு அவள் சொன்னாள், எனக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள் போல, "இல்லங்க. அவருக்கு நெனவு தப்பிருச்சாம். பாவம், சின்ன வயசு."